முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் நாற்பது அடி

பழைய வரைபடங்களை வைத்துக் குடும்ப வரலாறு தேடித் தரும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: வாடிக்கையாளருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும், வரைபடம்தான் வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்குக் கைத்தொலைபேசியில் வழி காட்டிப் பார்த்தவர்கள் அனைவரும் இதைப் படித்து என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

தோட்டத்தின் பெயர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆட்கள் இரண்டே பேர். நான் காகிதங்களைத் தேடி எடுப்பேன். தினேஷ் பழைய வரைபடத்தைக் கணினியில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துவான். கிள்ளானிலிருந்து செல்வராஜு அங்கிள் வந்தார். ஓய்வுபெற்ற லோரி டிரைவர். பத்து வயதில் அப்பாவை டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புதைத்துவிட்டு, படிப்புக்காகக் கிள்ளானில் சித்தப்பா வீட்டுக்கு வந்தவர். இப்போது அந்த நிலத்தில் வீடுகள் எழும்பப் போகின்றன. குடும்பத்தார் மாதக் கடைசிக்குள் நேரில் வந்து காட்டும் கல்லறைகளைப் பொது மயானத்துக்கு மாற்றித் தருவார்களாம். அங்கே இடுகாடு இருந்ததற்குப் பழைய வரைபடம் அத்தாட்சி. யாரும் வந்து காட்டாத கல்லறைமேல் புல்டோசர் போகும்.

"தோட்டத்துப் பேரு என்ன அங்கிள்?" என்றேன். "கோணத்தொரை தோட்டம்" என்றார். எந்தக் காலத்திலோ கழுத்து ஒருபக்கம் சாய்ந்த துரை ஒருவர் அங்கே மேலாளராம். வரைபடத்தில் கம்பெனிப் பெயர்தான் இருக்கும், துரையின் கழுத்து இருக்காது என்று மெதுவாகச் சொன்னேன். நான் எதையும் மெதுவாகத்தான் சொல்வேன். அதனால் யார் காதிலும் விழுவதில்லை. எண்ணெய்ப்பனையைத் தவிர இன்று ஆளே இல்லாத அந்தத் தோட்டத்தைப் பற்றி, அங்கிள் தினேஷிடம் ஆறுதலாகச் சொன்னார்: "பாப்பா வேலைக்குப் புதுசு போல. அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க லா."

படையல்

என் தாத்தா சொன்ன கதைகளில் எல்லாத் தோட்டமும் ஆற்றங்கரையில்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஆற்றிலிருந்து தொடங்கி, வளைவு வளைவாகத் தேடி, கோணத்துரையின் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். வரைபடத்தை மேசைமேல் விரித்ததும் அங்கிள் செய்த முதல் காரியம், இரண்டு விரலை வைத்துக் காகிதத்தைப் பெரிதாக்கப் பார்த்தது. ஆகவில்லை. அடுத்து அதைத் தலைகீழாகத் திருப்பினார். கிள்ளானிலிருந்து போனால் இப்படித்தான் வருமாம்.

கோயிலும் இடுகாடும் கால்வாய்க்கு இடது பக்கம் இருப்பதைக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் நாற்பது அடி, ஒரு மேடு, ஒரு கல்; பதினைந்து வருடமாக வருடம் தவறாமல் அங்கேதான் படையல். வறுத்த மீன், அவித்த முட்டை, அப்பாவுக்குப் பிடித்த கறுப்பு பீர். தங்கச்சி கமலா ஒவ்வொரு வருடமும் தானும் வருகிறேன் என்பாராம். பெண்கள் இடுகாட்டுக்கு வரக்கூடாது என்று இவர் ஒவ்வொரு வருடமும் தடுத்துவிடுவாராம். டெங்கில் காட்டில் நாயும் உடும்பும் உண்டே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அங்கிள் வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்: "அப்பா வந்து சாப்பிடுறாரா இல்லையான்னு மேப்பா சொல்லும்? திரும்பிப் போயி பாக்குறப்ப ஒரு மீனு கூட மிச்சம் இருக்காது, பாப்பா!"

வெள்ளைக்காரனும் கள்ளும்

இடத்தைக் காட்டும் நாளில் நானும் போக வேண்டியிருந்தது. நானும் பெண்தானே என்று நினைவூட்டினேன். "நீ ஆபீசர் லா, அது வேற" என்று சாஸ்திரத்தை அங்கேயே திருத்தி எழுதினார். கட்டுமான மேற்பார்வையாளர், 'ஐயா' என்ற பொருளில் என்சிக் என்று நாங்கள் அழைத்த மலாய்க்காரர், மரியாதையாகக் காத்திருந்தார். அங்கிள் கோயிலின் பின்சுவரில் முதுகை வைத்து நாற்பது அடி எண்ணி நடந்தார். மேடு இருந்தது. கல்லும் இருந்தது. கல்லில் பெயர் மட்டும் இல்லை.

பழைய வரைபடத்தை ஏற்றியிருந்த தினேஷின் கைத்தொலைபேசியோ இடுகாடு கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்றது. கோயிலும் அந்தப் பக்கமே என்றது. அப்படியானால் நாங்கள் சாய்ந்து நின்ற சுவர் யாருடையது? "வெள்ளைக்காரன் கள்ளு குடிச்சிட்டு வரைஞ்சிருப்பான்" என்று தீர்ப்புச் சொன்ன அங்கிள், சாட்சிக்கு ஜெஞ்சாரோமில் இருக்கும் தங்கச்சியைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். அப்பா போன பிறகும் அம்மாவோடு தோட்டத்திலேயே வளர்ந்தவர் கமலா ஆன்டி. கோயில் கால்வாய்க்கு எந்தப் பக்கம், இவங்களுக்கு நல்லா சொல்லு என்று அங்கிள் அதட்ட, மறுமுனையில் நிதானமாக ஒரு கேள்வி வந்தது: "எந்தக் கோயிலுண்ணே? பழசா, புதுசா?"

மங்கு

மறுநாள் கமலா ஆன்டி வந்தார். யாரும் தடுக்கவில்லை. ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டபோது கால்வாயை அகலமாக்கினார்களாம். கரையோரம் இருந்த முனியாண்டியைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தார்களாம். செங்கல் சுமந்தவர்களில் ஆன்டியும் ஒருவர். "இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றார் அங்கிள். "நீ கேட்டியா? பொம்பள வரக்கூடாது, வரக்கூடாதுன்னு வீட்டுல உக்கார வச்சிட்டு, இப்ப வந்து ஏன்டியா?"

பலகைப் பாலத்தில் கால்வாயைத் தாண்டினோம். வரைபடம் சொன்ன இடத்தில் பனை ஓலைக் குவியல்கள். ஆன்டி பாராங்கத்தியால் ஓலையை விலக்கிக்கொண்டே போனார். நாலாவது குவியலுக்கு அடியில் சிமெண்டு தெரிந்தது. அதன் ஓரம் முழுக்க, ரப்பர்ப் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகளைக் கவிழ்த்துப் பதித்திருந்தார்கள். ஈரச் சிமெண்டுக்கு அந்த மங்குகளைச் சுமந்து வந்து கொடுத்தது எட்டு வயதுக் கமலா. சின்னப் பிள்ளை என்று அன்று யாரும் விரட்டவில்லை. சிமெண்டில் ஆணியால் கீறிய அப்பாவின் பெயர் பாதி இருந்தது. அங்கிள் தொப்பியைக் கழற்றினார். தொப்பியாலேயே பெயர்மேல் இருந்த மண்ணைத் துடைத்தார். பிறகு, "அப்ப பதினஞ்சு வருஷமா அப்பா பட்டினியா?" என்றார். ஆன்டி கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பசிச்சிருந்தா கனவுல வந்து கேட்டிருப்பாருண்ணே. உன் சமையலுன்னு தெரிஞ்சி பேசாம இருந்திருப்பாரு."

உறவு

பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்து, படிவத்தைக் காரின் முன்மூடிமேல் வைத்து நிரப்பினேன். வரைபடத்தின் நகல், அப்பாவின் பெயர், பிள்ளைகள் இருவரின் கையெழுத்து. வேலை முடிந்தது, பிரிக்பீல்ட்ஸ் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம் என்று தினேஷ் சாவியை எடுத்தான். அங்கிள் நகரவில்லை. கோயிலுக்குப் பின்னால், பதினைந்து வருடம் படையல் வைத்த அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லறையைக் காட்ட யாராவது வந்தார்களா என்று என்சிக்கைக் கேட்டார். என்சிக் இல்லையென்று தலையாட்டினார்; யாரும் வரவில்லை, மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள்தான்.

"இன்னொரு ஃபாரம் எடு, பாப்பா."

எடுத்தேன். பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். இறந்த தேதிக்கும் அதே. பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை, உறவு இல்லாமல் ஏற்க முடியாது என்றார் என்சிக். உறவு என்று என்ன எழுதுவது என்று, வழக்கத்தைவிட மெதுவாக, அங்கிளைக் கேட்டேன். இந்த முறை அவர் காதில் நன்றாக விழுந்தது: "சாப்பாடு போட்டவன்னு எழுது லா. பதினஞ்சு வருஷமா மீன்ல உப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல, நல்ல மனுஷன்."

குடும்பத்தைத் தேடித் தருவதாகத்தான் எங்கள் பெயர்ப்பலகை சொல்கிறது. வந்தவர்கள் கேட்காத சொந்தத்தையும் சேர்த்து அனுப்பி வைப்போம் என்று எழுத, பாருங்கள், பலகையில் இடம் போதவில்லை.