காத்திருக்காத முன்கால்

ஐம்பதுகளின் கடைசியில் மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணி பெங்களூருக்கு வந்தபோது, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து போட உள்ளூரிலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலை அணிக்கு ஆஃப் ஸ்பின் போடுவேன். ஜோகுபாளையத்தில் ஒரே ஓர் அறை கொண்ட வாடகை வீடு. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

கூப்பிட்டதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மூன்று நாள் மேட்சில் அவர்களோடு ஆடப்போகும் உள்ளூர் அணியின் பட்டியல் அதற்கு முந்தின வாரமே பேப்பரில் வந்துவிட்டது. அல்சூரில் நான் காபி குடிக்கும் ஹோட்டலில் நின்றுகொண்டு அதை மூன்று தடவை படித்தேன். என் பெயர் இல்லை. மூன்றாவது வருடமாக இல்லை. மைதானத்துக்குள் நான் போவது வலை வரைக்கும்தான் என்று முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

உள்ளூர் அணியின் கேப்டன் ஓர் அரசு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். நாலு தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், மைதானத்தில் இங்கிலீஷ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். பயிற்சிக்கு முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவங்க டீம்ல புதுசா ஒரு பையன் வந்திருக்கான். நாலாவதா இறங்கறான். போற ஊர்ல எல்லாம் அவனைப் பத்திதான் பேச்சு. நீ அவனுக்கு நல்லா போட்டுப் பாரு. எங்க ஸ்ட்ராங், எங்க வீக், மேல வருவானா மாட்டானா, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

"சரி சார்."

"நோடப்பா, பார்த்துக்கோ, இதை ஒழுங்கா பண்ணு. அடுத்த செலக்‌ஷன் மீட்டிங்ல உன் விஷயத்தை நானே எடுக்கறேன்."

மறுநாள் அந்தப் பையனைப் பார்த்தேன். இருபது வயதுதான் இருக்கும். ஒல்லி. கைகள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்க மாட்டான். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் வலையின் ஓரம் வரை நடந்து போவான், திரும்புவான், தொப்பியை எடுப்பான், மாட்டுவான், பிட்ச்மேல் விரித்த நார் மேட்டிங்கை பேட்டால் தட்டுவான். ஆனால் பந்து கையை விட்டதும் அத்தனை பரபரப்பும் அடங்கிவிடும். என் முதல் பந்தை அவன் அடித்தது எனக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. நான் ஓடி முடித்து நிமிர்வதற்குள் பந்து என் காலைத் தாண்டிப் போயிருந்தது.

அவனுடைய மணிக்கட்டு என்னைத் திகைக்க வைத்தது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே வரும் பந்தை, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி, எனக்கு வலதுபக்கம், இடதுபக்கம் என்று நினைத்த இடத்துக்கு அனுப்பினான். பந்தின் நீளத்தை மற்றவர்களைவிட ஒரு கணம் முன்னால் பார்த்துவிடுகிற கண். எகிறி வரும் பந்துக்கு முகத்தைத் திருப்பாத தைரியம். நான் ஆறு வருடமாகப் பந்து போடுகிறேன்; இப்படி ஒருவனுக்குப் போட்டதில்லை.

ஆனால் என் வேலை அப்படிப்பட்டது. இரும்பில் ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே கையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பந்து என் கையை விடுவதற்கு முன்பே அவனுடைய முன்கால் நகர்ந்தது. ஒரு முழ நீளத்துக்கு முன்னால் போய் ஊன்றிக்கொண்டது. வேகமாக வருகிற பந்துக்கு அது சரி. மெதுவாக, மேலே தூக்கிப் போட்ட பந்து வந்தால்? ஊன்றின காலை மறுபடி எடுக்க முடியாது. உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும், பந்து இன்னும் வந்திருக்காது. பேட் முந்திக்கொள்ளும், பந்து காற்றில் போகும்.

ஒன்று போட்டுப் பார்த்தேன். அதே ஓட்டம், அதே கைவீச்சு, வேகம் மட்டும் பாதி. அவன் கால் போயிற்று, உடம்பு போயிற்று, பேட்டும் போயிற்று. பந்து சோப்புக் குமிழி மாதிரி மிதந்து, கவர் என்கிற இடத்தில் ஒருவன் நின்றிருந்தால் அவன் கையில் விழுந்திருக்கும்.

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் பந்தை பேண்டில் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்தப் பந்தை நான் போடவில்லை. வலையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டால் மேட்சுக்குள் திருத்திக்கொள்வானே!

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினேன். மணிக்கட்டு, கண், தைரியம் எல்லாம் எழுதினேன். முன்காலைப் பற்றி எழுதினேன். மெதுவான பந்து, அருகில் ஒரு கவர் ஃபீல்டர் என்று எழுதினேன். 'மேலே வருவானா' என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. எழுந்து கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தேன். ஆறு எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற அறை.

"இன்னாத்துக்கு இப்படி அலையறீங்க?" என்றாள் என் மனைவி, அரிசி களைந்துகொண்டே. "எழுதறதை எழுதிட்டுச் சாப்பிட வாங்களேன்."

"ஒருத்தன் பெரிய ஆளா வருவானா மாட்டானான்னு எழுதணும்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியணும்னுதான் கேட்டிருக்காங்க."

அவள் சிரித்தாள். நான் உட்கார்ந்து, 'வரமாட்டான். அவசரக்காரன். ரொம்ப நாள் நிலைக்காது' என்று எழுதி முடித்தேன். அந்த வரியை எழுதும்போது ஏதோ ஒரு நிம்மதி இருந்தது. மூன்று வருடமாக என்னைப் பற்றி யாரோ ஓர் அறையில் இப்படித்தான் ஒரு வரியில் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை பேனா என் கையில் இருந்தது. அவ்வளவுதான். அந்தப் பையனின் ஆட்டத்துக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமில்லை.

எழுதியதைக் கேப்டனிடம் கொடுத்தேன். மேட்சின் முதல் நாள் அவர்கள்தான் முதலில் ஆடினார்கள். அவன் இறங்கியதும் கூட்டம் கைதட்டிற்று. கேப்டன் உடனே வேகப்பந்து வீச்சை நிறுத்திவிட்டு இடதுகை ஸ்பின்னரைக் கூப்பிட்டார். தான் போய் ஷார்ட் கவரில் நின்றார். முதல் இரண்டு பந்துகளைப் பையன் தடுத்தான். மூன்றாவது பந்து மேலே போயிற்று. அவன் கால் போவதை மரத்தடியில் இருந்த நான் பார்த்தேன். பந்து தரையில் விழுவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டேன். கேட்ச்.

கேப்டன் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான் இருந்த பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். எனக்குத்தான்.

"இவ்ளோதானா இவன்?" என்று எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். "பேப்பர்ல போட்டதெல்லாம் புளுகு!"

அவன் உடனே போகவில்லை. கிரீஸில் நின்று தன் இடது காலைக் குனிந்து பார்த்தான், அது யாரோ கொண்டுவந்து வைத்த பொருள் மாதிரி. பிறகு நடந்தான். என்னால் உட்கார முடியவில்லை. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தவனைப் போல இருந்தது.

இரண்டாம் நாள் முக்கால்வாசி நம்மவர்கள் ஆடினார்கள். மூன்றாம் நாள் காலை, வலைக்குப் பந்து போடுகிறவர்கள் சீக்கிரம் வர வேண்டும் என்பதால், பனி விலகுவதற்கு முன்பே சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். வலையில் ஒரே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பையன். பேடு கட்டித் தயாராக இருந்தான். என்னைப் பார்த்ததும் கையை அசைத்துக் கூப்பிட்டான்.

அவன் இங்கிலீஷ் பாட்டுப் பாடுகிற மாதிரி ஏறி இறங்கும். பாதிதான் எனக்குப் புரியும். ஆனால் அன்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான், ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை.

"மேட்சுக்கு முன்னால் வலையில் ஒரு மெதுவான பந்து போட்டாய். நான் காற்றில் அடித்தேன். அப்புறம் நீ அதைப் போடவே இல்லை. ஏன் நிறுத்தினாய்?"

நான் கையில் இருந்த பந்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ பார்த்துவிட்டாய். அதனால்தான் நிறுத்தினாய்." கோபமே இல்லை அந்தக் குரலில். "இப்போது அதையே போடு. அதை மட்டும் போடு."

நான் மைதானத்து வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கேப்டன் எந்த நிமிஷமும் வரலாம். மத்தியானம் இவன் மறுபடி ஆட வேண்டும். முடியாது, தோள் வலிக்கிறது என்று ஒரு பொய் சொன்னால் போதும். பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவன் அதற்குள் கிரீஸுக்குப் போய் நின்றுவிட்டான்.

போட்டேன்.

முதல் பத்துப் பந்துகளையும் காற்றில் அடித்தான். ஒவ்வொரு தடவையும் தன் காலைத் திட்டினான். பிறகு தொப்பியைக் கழற்றி, முன்கால் போய் ஊன்றுகிற இடத்தில் மேட்டிங் மேல் வைத்தான். பந்து என் கையை விட்டு மேலே ஏறி இறங்கத் தொடங்கும் வரை தொப்பியை மிதிக்கக் கூடாது என்று தனக்குத்தானே விதி. மிதித்தான். மறுபடி மிதித்தான். நாலைந்து தடவைக்குப் பிறகு தொப்பி அழுக்குத் துணி மாதிரி ஆகிவிட்டது. ஒரு பந்துக்குக் கால் நடுங்கிக்கொண்டே நின்றது, போகவில்லை. அப்புறம்தான் போயிற்று. பந்து தரையோடு ஓடி வலையின் அடியில் மோதிற்று.

"அதேதான்!" என்று கத்திவிட்டேன். தமிழில்தான் கத்தினேன்.

நேரம் போனதே தெரியவில்லை. நான் யார் பக்கம் என்பதும் மறந்துவிட்டது. அருகில் போய், பந்து உன் கண் மட்டத்துக்கு மேலே இருக்கும்போது காலை எடுக்காதே, கீழே இறங்கும்போது எடு என்று கையால் காட்டினேன். தலையாட்டினான். பந்துக்குப் பந்து மாறி, வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று போட்டேன். மூன்றில் இரண்டுக்குக் கால் காத்திருந்தது.

திரும்பிப் பந்தை எடுக்கும்போது கேப்டன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"ஏன் மாடுத்தித்தீயா? என்னய்யா பண்ணிட்டிருக்க?"

"அவரு போடச் சொன்னாரு சார்."

"போடச் சொன்னா? அதைத்தான் போடுவியா? நீ எந்த டீம்டா?"

அப்போது எனக்கு எங்கிருந்து வந்ததோ, "நான் எந்த டீம்லயும் இல்லையே சார்" என்றேன். குறும்புக்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. திரும்பி நடந்துவிட்டார்.

மத்தியானம் அவன் இறங்கியபோது கேப்டன் அதே இடதுகை ஸ்பின்னரைக் கூப்பிட்டு, அதே ஷார்ட் கவரில் நின்றார். இரண்டாவது ஓவரில் அந்தப் பந்து வந்தது. கால் முந்திக்கொண்டது! பந்து காற்றில் எழும்பி, கேப்டன் விரல் நுனியில் பட்டு விழுந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. யாருக்காகப் போய் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்தது வந்தபோது அவன் காத்திருந்தான். அதற்கடுத்ததற்கும். பிறகு அந்த ஸ்பின்னரை நிறுத்த வேண்டியதாயிற்று. எண்பதைத் தாண்டியதும், இல்லாத ஓர் ஓட்டத்துக்கு ஓடி ரன் அவுட் ஆனான். மேட்ச் டிராவில் முடிந்தது.

சாயங்காலம் அவர்கள் பஸ் கிளம்பியபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "முடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"மூணு வருஷமா இங்க ஒருத்தருக்கும் நான் போட்ட பந்து ஞாபகமில்லை. அவன் ஒரு பந்தை ஞாபகம் வெச்சிருந்தான்" என்றேன். அவள் தட்டை வைத்தாள்.

செலக்‌ஷன் மீட்டிங்கில் என் விஷயம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. தோள் விட்டுப்போகும் வரை, இன்னும் ஏழு வருடம், தொழிற்சாலை அணிக்குப் பந்து போட்டேன். அந்தப் பையன் நிலைத்தான். பெரிய மேதை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் வருடா வருடம் அணியில் இருந்தான். அவன் அவசரத்தை மட்டும் நான் எடை போட்டிருந்தேன். விடியற்காலையில் தனியாக வந்து நின்று, தன்னைத் தோற்கடித்தவனிடமே கேட்கிற குணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், கேன்டீனில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஆட்டம். கரகரப்புக்கு நடுவே அவன் பெயர் கேட்டது. நாற்பதில் நிற்கிறான், ஸ்பின்னர் போடுகிறார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரேடியோ பக்கம் போனேன். அதற்குள் ஷிப்ட் மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை பேப்பர் வரும் வரை தெருமுனையில் நின்றிருந்தேன். ஐம்பத்து மூன்று என்று போட்டிருந்தது. எப்படி அவுட் ஆனான் என்று போடவில்லை.