ஜன்னல், எலுமிச்சை, கம்பளி

எங்கள் ஆராய்ச்சி மையத்தில் மேடத்துக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். அறுபது தாண்டிய யார் வந்தாலும் தாளை நீட்டிக் கடிகாரம் வரையச் சொல்வார். பெயர் வைத்த புண்ணியவான் நான்தான். அவர் உளவியலாளர், நான் அவருடைய விடைத்தாள்களைக் கணினியில் ஏற்றுகிறவன்.

மனதில் நிம்மதியும் நம்பிக்கையும் உள்ளவர்களுக்கு ஞாபகசக்தி தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. முதலில் ஞாபகச் சோதனை. ஐந்து சொற்களை நொடிக்கு ஒன்றாகச் சொல்வார். கடிகாரம், கழித்தல் கணக்கு என்று கொஞ்சம் சுற்றிவிட்டு ஐந்தையும் திருப்பிக் கேட்பார். அதன்பிறகு பன்னிரண்டு கேள்விகள்: வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறதா, நம்மைவிடப் பெரிய ஒன்றின் மேல் நம்பிக்கை உண்டா, மனசு அமைதியாக இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. எத்தனை மதிப்பெண் என்று மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டார், கெஞ்சினாலும் சரி. சரியான கல்நெஞ்சக்காரி என்று நானே திட்டியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வரவேண்டுமென்று தினமும் சாப்பாட்டு மேசையில் கணவரை உட்கார வைத்து அந்த ஐந்து சொற்களைச் சொல்லிப் பழகினாராம். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். "என் பேரு மறந்தாலும் மறக்கும் தம்பி, இந்த அஞ்சு மறக்காது" என்று என்னிடம் சிரித்திருக்கிறார்.

இரண்டு வருடம் முன்பு அவர்களுடைய மகள் போன் செய்தாள். அப்பா சொன்னதையே சொல்கிறார் என்றாள். அன்று மாலையே மேடம் சோதித்தார். ஐந்துக்கு ஐந்து. "நான் பாக்காத கேஸாடி?" என்று மகளுக்குத்தான் டோஸ் விழுந்தது. கொஞ்ச நாளில், இடது லென்ஸை வலதில் மாட்டினார் என்று கடையில் அவரை நிறுத்திவிட்டார்கள். மறுபடி சோதனை, மறுபடி ஐந்து. வயதானால் கை தடுமாறாதா என்றார் மேடம். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் மேடம் வீட்டில் மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க அவர் கணவர் வந்தார். அரை மணி நேரத்தில் என் மகள் என்ன படிக்கிறாள் என்று மூன்று தடவை கேட்டார். அவர் கிளம்பியதும் மேடமே எழுதிய கையேட்டை எடுத்துக்கொண்டு போய் மேடம் முன்னால் விரித்து வைத்தேன். 'ஒருமுறை சோதிக்கப்பட்டவரிடம் அதே சொற்களைக் கேட்கக் கூடாது. இரண்டாம் பட்டியலைப் பயன்படுத்துக.'

"வீட்ல எந்தப் பட்டியல் மேடம் கேட்டீங்க?"

முதலில் என் மேல் எரிந்து விழுந்தார். பிறகு அந்த வரியைத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"நாளைக்கு நீ கேளு," என்றார். "என் குரல் காட்டிக் குடுத்துடும்."

மறுநாள் காலை மூன்றாம் அறை. மேடத்தின் கணவர் எல்லாரையும்போல ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மேடம் பக்கத்து அறையில், கதவை ஒருக்களித்து வைத்துக் காதைக் கொடுத்தபடி. குடை, கரும்பு, செம்பு, கோட்டை, மஞ்சள் என்று நிதானமாகச் சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னேன். கணக்குக் கேட்டேன். பிறகு, "நான் சொன்ன அஞ்சு வார்த்தை என்ன சார்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜன்னல், எலுமிச்சை, கம்பளி, பாலம், நீலம்!"

முதல் பட்டியல். பூஜ்யம் போட்டேன். அடுத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்குப் போனேன். அமைதியைப் பற்றிய கேள்வி வந்ததும், அவர் வாசலைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அந்தப் பழைய ஐந்து சொற்கள், அவருடைய கையெழுத்தில்.

"எனக்கு எப்பவோ தெரியும் தம்பி. கடையிலயே தெரிஞ்சு போச்சு. தினமும் காலைல இதைப் படிச்சுக்குவேன். அவ கேட்டா தப்பில்லாம சொல்லணும்ல? தெரிஞ்சா தாங்க மாட்டா." குரலை இன்னும் தாழ்த்தினார். "நாலுன்னே போட்டுக்கோங்க. அவளுக்குத் தெரியாத வரைக்கும் எனக்கு அமைதிதான்."

கதவு திறந்தது. அவர் அவசரமாகச் சீட்டைக் கூட்டுக்குள் திணித்தார்.

"எத்தனை வந்துச்சு?" என்று மேடத்தையே கேட்டார்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளைப் பார்க்கவே இல்லை. "அஞ்சுக்கு அஞ்சு," என்றார். இருபது வருடத்தில் அவர் வாயால் ஒருவருக்கு மதிப்பெண் சொல்லி நான் கேட்டது அன்றுதான். கணவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். 

ஒரு வாரம் கழித்து மேடம் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். கணவரை நரம்பு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு கேட்டாரு," என்றார்.

நான் உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை.

"அவர் தாளையும் ஏத்திடு. ஞாபகத்துக்குப் பூஜ்யம்." அவர் இதுவரை பார்த்திராத அந்தத் தாளை நான் இழுப்பறையிலிருந்து எடுப்பதற்குள் தொடர்ந்தார். "அமைதிக்கு நாலு."