பெட்டி பெட்டியாக வந்த அறிவித்தல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஆமியும் பொலிசும் வீடு வீடாகச் செக்கிங் வராத வாரமே இல்லை என்றிருந்த யுத்த காலம். மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சந்தேகப்பட அதுவே போதும். எதிர்வீட்டுப் பெடியனை விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனதிலிருந்து, இவளையும் கொண்டுபோய்விடுவார்களோ என்ற ஒரே பயத்தோடுதான் நான் சாப்பிட்டேன், குளித்தேன், கந்தோர் வேலைக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்து வைரஸ் வந்து எங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மகள் ஒரு சிடியை வாங்கிவந்து லினக்ஸ் போட்டாள். இதற்கு வைரஸ் இலேசில் வராதாம். ஆனால் நல்ல பாஸ்வேர்ட் வேண்டுமாம். எனக்கோ வேறு கவலை. பூட்டி வைத்தால் உள்ளே எதையோ ஒளிக்கிறோம் என்று செக்கிங் வருகிறவர்கள் நினைக்க மாட்டார்களா? பாஸ்வேர்ட்டை ஒரு துண்டில் எழுதி, கீழே சிங்களத்தில் "இதுதான் பாஸ்வேர்ட்" என்றும் எழுதி, மொனிட்டரின் நெற்றியில் ஒட்டினேன்.

"அப்பா, கதவைப் பூட்டிப்போட்டுத் திறப்பை வெளியில தொங்கவிடுறீங்களோ?"

"ஓம். உதைக்காமல் திறப்பினம்."

இடிமின்னலுக்குப் பயந்து பிரிண்டரின் பிளக்கையும் நான் கழற்றி வைப்பதுண்டு. அதை மறந்து, எங்கள் மாடிக் குடியிருப்புக்காக எழுதிய "படிக்கட்டில் குப்பைப் பை வைக்க வேண்டாம்" என்ற அறிவித்தலை அச்சிடத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. லினக்ஸைத் திட்டிவிட்டுப் படுத்தேன்.

காலையில் வந்துவிட்டார்கள். ஒரு பொலிஸ் அதிகாரி, இரண்டு ஆமிக்காரர். அதிகாரி துண்டை வாசித்து, என்னை ஒருமுறை பார்த்து, கதிரையில் அமர்ந்து பாஸ்வேர்ட்டைத் தட்டினார். பிறகு பிரிண்டரையும் போடச் சொன்னார். பிளக்கைச் செருகினேன். அது உறுமிக்கொண்டு, இரவு நான் அழுத்தியதற்கெல்லாம் சேர்த்துத் தாள் தாளாகத் துப்பத் தொடங்கியது. ஒரு தாளிலும் எழுத்தில்லை. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள்.

"மேக்க மொக்கத்த?" இது என்ன என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"குணு, மஹத்தயா." குப்பை, ஐயா. உண்மையைத்தான் சொன்னேன். அவர் முகம் இறுகியது. இரகசியச் சங்கேதம் என்று எண்ணிவிட்டார். ஆமிக்காரர் இருவரும் மகள் பக்கம் திரும்பினார்கள். பிரிண்டர் மட்டும் நிறுத்துவதாக இல்லை.

மகள் முன்னால் வந்து திரையில் அறிவித்தலைத் திறந்தாள். அங்கே தமிழ் ஒழுங்காக இருந்தது. "தெமள அக்குரு என்னே நே, சேர்," தமிழ் எழுத்து தாளில் வருகுதில்லை என்றாள்.

அதிகாரி திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டினார். "அப்பே எக்கத் மெஹெமய்!" அவர்களுடைய பொலிஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டரிலும் சிங்களம் இப்படித்தான் பெட்டியாக வருகிறதாம். எத்தனையோ பேர் வந்து பார்த்தும் சரிவரவில்லையாம். மற்றவர்களுக்குக் காட்ட ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சரிவந்தால் சொல்லு, எப்படிச் செய்தாய் என்று வந்து பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் எழும்பிய கதிரையிலேயே நான் விழுந்தேன். மகள் அதற்குள் திருத்தத் தொடங்கியிருந்தாள்.

"பிள்ளை, அதைச் சரிசெய்யாதை."

"ஏன்?"

"சரிவந்தால் அவர் வருவார்."

"சரிவராட்டிலும் வருவினம், அப்பா."