உப்பு அக்காவும் ஒன்பது தாழ்ப்பாள்களும்

அந்த மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளராக இருப்பவருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் உப்பு அக்கா. செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு உப்பைக் கொடுத்து, இன்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அந்தப் பொட்டலங்களைக் கட்டுவது அக்கா. "முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கக்கா" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "வெள்ளை உப்பு" என்பார். கட்டிய அத்தனையும் வெள்ளைதான்.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். குழாய் ஒழுகினால் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், ஸ்பேனரை எடுத்துவிடுவார். தலைமையாசிரியர் இதற்கு நேர் எதிர். மேலிடத்து அனுமதி வராமல் தும்மக்கூட மாட்டார் என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொள்வார்கள். கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர். இந்த இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது யார் வேலையோ தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஆய்வகத்தில் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அக்கா ஓடிப்போய் அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மணி இரண்டு. பாட்டிலில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. முகத்தில் தெளித்ததும் அவள் கண் திறந்தாள்.

"இதை என்ன அழகுக்கா தூக்கிட்டு வர்றே?"

"குடிச்சா பாத்ரூம் போகணும்க்கா."

"போயேன். யார் வேண்டாம்னாங்க?"

"கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லக்கா. ஒருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். எனக்குக் கதவு பிடிக்கிறவ இன்னைக்கு லீவு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. மாணவிகள் பக்கம் ஒன்பது கதவுகள், ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் கேட்டுப் போன கடிதங்களுக்கு மட்டும் குறைவில்லை. பழைய சாமான் அறையிலோ, கரையான் தின்றது போக மிச்சம் நின்ற ஒன்பது அலமாரிகள், ஒவ்வொன்றிலும் கெட்டியான பித்தளைத் தாழ்ப்பாள். உள்ளே காக்க ஒரு துரும்புகூட இல்லை. சனிக்கிழமை அக்கா திருப்புளியோடு போனார். பொழுது சாய்வதற்குள் ஒன்பதும் இடம் மாறிவிட்டன. திங்கட்கிழமை பெண்கள் ஆசை தீரத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்தார்கள்.

அடுத்த வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. சொந்த முயற்சியால் பள்ளியில் நல்ல மாற்றம் கொண்டுவந்த ஊழியரின் பெயரை அனுப்புங்கள், பாராட்டுப் பத்திரம் தருகிறோம் என்றது ஒன்று. வெள்ளிக்கிழமை அதிகாரி சாமான்களைச் சரிபார்க்க வருகிறார் என்றது மற்றது. இருப்புப் பதிவேட்டில் எழுதியிருந்தது இது: அலமாரி, தாழ்ப்பாளுடன், ஒன்பது.

தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டார். "பாராட்டுக்கு உங்க பேரைத்தாம்மா எழுதியிருக்கேன். வேற யாரு என்ன செஞ்சா இங்க? இதுல ஒரு கையெழுத்து."

அக்கா சந்தோஷமாகப் போட்டார்.

"இது மெமோ. அனுமதியில்லாம சாமானைக் கழட்டினதுக்கு. இதுலயும் ஒண்ணு."

"சார், ரெண்டும் ஒரே விஷயம்."

"அதனாலதான் ரெண்டு தடவை அலைய வைக்கல."

அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள தாழ்ப்பாளையெல்லாம் அலமாரியில திரும்ப மாட்டிடுங்க."

"அதுல ஆணி நிக்காது சார். மாவா உதிருது."

"ஒட்டியாவது வைங்க. எனக்கு ரிட்டையராக எட்டு மாசம்தாம்மா இருக்கு." அதட்டியிருந்தால் அக்கா பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அழாத குறையாகக் கேட்பவரை என்ன செய்வது?

அன்று வீட்டில் மெமோவுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்தார். பஸ் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தெரியாம செஞ்சுட்டேன்னு எழுதிட்டு வேலையைப் பாரேன்."

"தெரிஞ்சுதானே செஞ்சேன்?"

"அப்போ கழட்டிக் குடுத்துடு."

"அந்தப் பிள்ளைங்க மூஞ்சியில முழிக்க வேண்டாமா?"

வீட்டுக்காரர் ஐந்தாவது தாளை எடுத்துக் கொடுத்தார். அதில் அக்கா இரண்டே வரி எழுதினார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, சிரிப்பதைச் சிக்கனமாக வைத்திருப்பவர். அலமாரி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "தாழ்ப்பாள் எங்கே?" என்றார். தலைமையாசிரியர் முகம் வெளிறிப்போனது. கழிப்பறைக் கதவுகளிலிருந்து அக்கா எதையும் கழற்றவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்கா மடித்து வைத்திருந்த தாளை அதிகாரியிடம் நீட்டினார்.

அதிகாரி வாய்விட்டுப் படித்தார்: "நான் இதே பள்ளியில் ஐந்து வருடம் படித்தேன். ஒருநாளும் இங்கே தண்ணீர் குடித்ததில்லை."

"நீங்க அஞ்சு வருஷம்" என்றார் அதிகாரி. "நான் ஏழு. வேற ஸ்கூல்தான். கதவு இதே கதவு."

அதிகாரி மேற்கொண்டு என்ன சொல்லப்போகிறாரோ என்று அக்கா காத்திருந்தார். அதற்குள் தலைமையாசிரியர் இருப்புப் பதிவேட்டைத் தம் பக்கம் இழுத்தார். அலமாரி வரிசைக்கு நேரே, 'தாழ்ப்பாள்கள் ஒன்பதும் மாணவிகள் கழிப்பறையில் பயன்பாட்டில் உள்ளன' என்று எழுதினார். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்தும் போட்டார்.

அக்காவுக்கே பயமாகிவிட்டது. "சார், இதுக்கு அனுமதி..."

"என் பொண்ணும் இங்கதாம்மா படிச்சா" என்றார் அவர், பதிவேட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம பாத்ரூமுக்கு ஓடுவா. தினமும் திட்டுவேன்."