குளிப்பாட்டும்போது தெரிந்துவிடுமே!

“நான் செத்தா என்னைக் குளிப்பாட்டுவாங்கல்ல... அப்ப தெரிஞ்சிடுமே தம்பி?”

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு மண்டபத்தின் மாடி அறையில் மாரிமுத்து அங்கிள் கேட்ட கேள்வி இது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. துக்கத்தால் அல்ல, கோபத்தால்! யார் மேல் கோபம் என்கிறீர்களா? சொல்கிறேன். கொஞ்சம் கூச்சமான சமாசாரம்தான். காபியைக் குடித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

கிள்ளானில் லோரி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சேகர் என்கிற வாசகர் எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, ரோட்டுக் குழியைப் பத்திக்கூட எழுதுறீங்க. எங்களைப் பத்தி ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறாங்க. ஒரு தடவை வந்து உட்கார்ந்து கேளுங்கண்ணே, அது போதும்.”

“எங்களைன்னா யாரு?” என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

ஆணுறுப்பின் முன்தோலில் ஏதோ புண் என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். சின்ன வேலை, உடனே வீட்டுக்குப் போகலாம் என்றாராம் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டு, எல்லாம் முடிந்து பார்த்தால் முன்தோலே இல்லை! முழுவதையும் நறுக்கி எடுத்திருக்கிறார். ஏன் டாக்டர் இப்படி என்று கேட்டதற்கு, “இனிமே க்ளீனா இருக்கும் லா, தேங்க்ஸ் சொல்லுங்க” என்று சிரிப்பு வேறு. பல்லைப் பிடுங்கப் போனால்கூட எந்தப் பல் என்று கேட்டுவிட்டுத்தானே பிடுங்குகிறார்கள்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் மார்க்கத்தின்படி, விருந்து வைத்து இதைச் செய்கிறவர்களைப் பற்றிய பேச்சு இல்லை இது. அது அவர்கள் வழி, அதற்கு என் மரியாதை உண்டு. என் சண்டையெல்லாம் வளர்ந்த மனிதனின் உடம்பில், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கத்தி வைக்கிறவர்களோடுதான்.

சேகரைப் போல நாலைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். ஆரம்பித்து வைத்தவர் பூச்சோங்கில் இருக்கும் என்ஜினியர் பிரகாஷ். அமெரிக்காவில் படித்தபோது, ஆண்கள் இதற்காகவே கூடிப் பேசும் குழு ஒன்றைப் பார்த்திருக்கிறார். மிஞ்சியிருக்கும் தோலை டேப் ஒட்டி மெல்ல மெல்ல இழுத்து வளர்க்கும் முறையையும் அங்கேதான் தெரிந்துகொண்டாராம். வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். அப்படியும் போன உணர்ச்சி முழுவதும் திரும்பாது. இதை மறைக்காமல் சொல்கிறார். யாரையும் செய்யச் சொல்லி வற்புறுத்துவதும் இல்லை. பாதிப் பேர் பேசிவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். வேறு எங்கே போய்ப் பேசுவது? நண்பர்களிடம் சொன்னால், “புதுப் பேரு என்ன வச்சாங்க?” என்று, மதம் மாறியவனைக் கேட்பதுபோலக் கிண்டல்!

பேச ஒரு இடம் வேண்டுமே. மண்டபத்து நிர்வாகியிடம் போய் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

“இது குடும்பங்க வந்து போற இடம். ஆம்பளைங்க உட்கார்ந்து பேசுற விஷயமா இது? போங்க லா!”

இதே மண்டபத்தில்தான் ஆண்டுக்கூட்டம் என்ற பெயரில் ஆம்பளைகள் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். நானே பார்த்தேன். அது கௌரவமாம். உடம்பில் பட்ட காயத்தைப் பற்றிப் பேசினால் அசிங்கமாம். நல்ல நியாயம்!

வேறு வழியில்லாமல், அடுத்த முறை ‘இனிப்பு நீர் வியாதி பற்றிய கூட்டம்’ என்று சர்க்கரை நோயின் பேரில் ஒரு பொய்யைச் சொன்னார்கள். சாவி உடனே கைக்கு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்தது அந்தக் கூட்டத்தில்தான்.

பொய் சொன்னால் என்ன நடக்கும்? நிஜமாகவே இனிப்பு நீர் உள்ள ஒருவர் படியேறி வருவார். அவர்தான் நம் மாரிமுத்து அங்கிள். கீழே இருந்த காவலாளி, கூட்டம் மாடியில் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவரிடம், சேகர் தயங்கித் தயங்கி விஷயத்தையும் பிரகாஷின் டேப் முறையையும் சொல்லி, “தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க அங்கிள், மன்னிச்சிக்குங்க” என்றார்.

அங்கிள் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“தப்பான இடம் இல்ல தம்பி. எனக்கும் அதைத்தான் பண்ணாங்க. இனிப்பு நீர்ல அங்க வெடிச்சு வெடிச்சுப் புண்ணாயிடுச்சு. டாக்டரு வெட்டிட்டாரு, எத்தனையோ வருசமாச்சு. என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. என் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும்.”

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. செத்த பிறகு மகனும் பங்காளிகளும் சேர்ந்து குளிப்பாட்டுவார்கள். பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கிழவன் யாருக்கும் தெரியாமல் மதம் மாறிவிட்டான் என்பார்கள். எரிப்பதா, புதைப்பதா என்று பாடைக்கு முன்னால் சண்டை நடக்கும். இத்தனை வருடமாக மனிதர் பயந்தது சாவுக்கு அல்ல, சாவு வீட்டுக்கு.

அவர் பிரகாஷ் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்ற மாதிரி டேப் ஒட்டி வளர்த்தா... அப்ப பாக்குறவங்களுக்குத் தெரியாதுதானே?”

வாழ்வதற்கு அல்ல, பிணமாகக் கிடக்கும்போது மானம் போகாமல் இருப்பதற்குத் தோல் கேட்கிறார் ஒரு மனுஷன்! அவருக்கு அந்த அறுவை தேவையாகவே இருந்திருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். உட்காரவைத்து, வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டு, “இந்த வியாதிக்கு இது ஒரு வைத்தியம்” என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அந்தக் கிளினிக்கில் வாயைத் திறந்து பேசத் தெரிந்தவர் ஒருவர்கூடவா இல்லை?

பிரகாஷ் பொய் ஆசை காட்டவில்லை. “வேணாம் அங்கிள். இனிப்பு நீர் இருக்கு, மறுபடியும் புண்ணாயிடும்” என்றார்.

சேகர்தான் சொன்னார்: “தோலை வளர்க்க வருசக்கணக்கா ஆகும் அங்கிள். மகன்கிட்ட சொல்ல ரெண்டு நிமிசம்தான். நாங்க கூட வரோம், வாங்க.”

அங்கிளின் ஃபிளாட் பக்கத்துத் தெருதான். அவரோடு சேகர், பிரகாஷ், நான் என்று மூன்று பேரும் போனோம். மகன் குமார் டிவியில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் டிவியை அணைத்துவிட்டு, நின்றபடியே, கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார்.

குமார் எங்கள் மூவரையும் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“மதம் மாறிட்டீங்களாப்பா?”

பெரியவர் முகம் செத்துவிட்டது. அத்தனை வருடமாக அவர் பயந்த அதே கேள்வி, உயிரோடு இருக்கும்போதே! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிள்ளையை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் சமையற்கட்டிலிருந்து அங்கிளின் மனைவி வந்துவிட்டார்.

“ஏன்டா, நடக்க முடியாம கைலியைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தாரே, அப்ப மருந்து போட்டவ நான். கோயிலுக்குப் போறப்ப அவரு கூடப் போறவ நான். என்னைக் கேளுடா! வியாதிக்கு வெட்டுனா அது மதமா?”

குமார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து வந்து, அப்பாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

“ரொம்ப வலிச்சுச்சாப்பா?”

அவ்வளவுதான். மாரிமுத்து அங்கிள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். சேகரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெட்டிய எந்த டாக்டரும் சேகரிடமோ அங்கிளிடமோ இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையாம்!