ரோசரி டீச்சர் பார்த்த ரஷ்ய நாடகம்

ரோசரி டீச்சரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தும்போதும் வாசலுக்கும் கரும்பலகைக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். கணவன் தைரியராஜ் ரங்கூனில் மரக்கம்பெனி குமாஸ்தா. ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து ஒன்றரை வருஷமாகக் கடிதம் இல்லை. பள்ளியில் யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான், நாற்பத்துமூன்றாம் வருஷம் நாடகப் பயிற்சி ஆரம்பித்தாள்.

ஒன்பது பெண்கள் சேர்ந்தார்கள். மகனைப் பறிகொடுத்த தாயாகக் கமலவல்லி நடித்தாள்.

"இன்னும் சத்தமா அழு! மாரில அடிச்சுக்கோ!" என்று ரோசரி விரட்டினாள். எவ்வளவு அழுதாலும் அவளுக்குப் போதவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னைக் குழு ஒன்று ரஷ்ய நாடகமொன்றைத் தமிழில் போடத் திருச்சிக்கு வந்தது. ரோசரி வீடுவீடாகப் போய்ப் பெற்றோரிடம் கெஞ்சி, ஒன்பது பேரையும் பகல் காட்சிக்கு அழைத்துப் போனாள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடிய பஸ் காவேரிப் பாலத்தின் நடுவே நின்றுவிட்டது. ரோசரிக்குப் பொறுக்கவில்லை. "இறங்குங்கடி, நடந்தே போயிடலாம்" என்று வெயிலில் ஓட்டமும் நடையுமாக இழுத்துப் போனாள்.

நாடகத்தில் பாட்டே இல்லை. சண்டைக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். அவன் செத்துப்போனதாகக் கடிதம் வருகிறது. படித்து மடித்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து உருளைக்கிழங்குத் தோலைச் சீவுகிறாள். கொட்டகையில் கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது.

ரோசரி எழுந்து வெளியே போனாள். கமலவல்லி பின்னாலேயே ஓடினாள்.

"உடம்பு சரியில்லையா டீச்சர்?"

"அவளுக்குக் கடிதாசாவது வந்துடுச்சு கமலா. எனக்கு அதுகூட வரலையே." ரங்கூன் கதை முழுவதும் அங்கேயே கொட்டிவிட்டாள்.

"எங்க சித்தப்பா பர்மாலேர்ந்து நடந்தே வந்தார். யாருக்கு எழுதிக் கேக்கணும்னு அவருக்குத் தெரியும். ஆத்துக்கு வாங்கோ டீச்சர்."

கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமே என்ற பயத்தில்தான் ரோசரி இதுவரை கேட்காமல் இருந்தாள். மறுநாள் போனாள். சித்தப்பா சௌரிராஜன் சொல்லச் சொல்ல, அகதிகள் விவரம் வைத்திருக்கும் ஆபீசுக்கு எழுதிப் போட்டாள்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. நடந்து வந்த கூட்டத்தில், மாண்டலே பக்கத்து முகாமில் வாந்திபேதி கண்டு தைரியராஜ் இறந்திருந்தான்.

அவன் ஆத்மாவுக்காக ரோசரி மாதாகோயிலில் பூசை வைத்தாள். கமலவல்லியும் சௌரிராஜனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்ததும், மாண்டலே வழியாகத் தான் நடந்து வந்த பாதையைச் சௌரிராஜன் ஊர் ஊராகச் சொன்னார். ரோசரி ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.