மாமாவின் பஸ்கியும் என் சாய்வும்

எட்டு வயதில் நான் ஒரு கோணல் பிள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பவைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி.

கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். போலீஸுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், இதை விட்டால் அவருக்கு வயது தாண்டிவிடும். விடிந்ததும் பஸ்கி எடுப்பார். பாரம் வேண்டுமென்று என்னைத் தோள்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவார். முதல் வாரம் ஒரே குஷி. அப்புறம் என்ன ஆயிற்றோ, உட்காரும்போதெல்லாம் இருவரும் இடதுபக்கமாகவே சரிந்தோம்.

"நேரா குந்துடி! இன்னா நீ, ஒரு பக்கமாவே சாஞ்சிக்கினு கீற?"

ஐயோ, நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தேன்! ஆனால் பெரியவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? என் இடதுபக்கம்தான் கனம் என்று முடிவு செய்தேன். புத்தகப்பையை வலது தோளுக்கு மாற்றினேன். வலதுபக்கமாகவே படுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தண்டவாளத்து ஜல்லிக்கல் நாலைந்தைப் பாவாடையின் வலதுபக்கம் முடிந்துகொண்டு ஏறினேன். பாதி உட்காரும்போதே மாமா "யம்மா!" என்று அலறி, வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சரிந்தார்.

"அம்மாகிட்ட மூச்சு வுடாத" என்றார். கல் விஷயத்தை நானா சொல்வேன்?

தேர்வுக்குத் திருவள்ளூர் போனவர், சாயங்காலம் நொண்டிக்கொண்டே வந்தார்.

"தாண்டச் சொன்னாங்கக்கா. கால் பேச்சு கேக்கல. இடதுபக்கமா சாஞ்சி வுயுந்துட்டேன். போ சொல்லிட்டாங்க."

"முட்டி வலிக்குதுன்னு ஏன்டா சொல்லல?" அம்மா அழுதாள்.

"சொன்னா நீ அனுப்பியிருப்பியா?"

எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. "மாமா, நான் இல்லாமயே சாஞ்சியா?"

என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "ஆமாண்டி கண்ணு. நீ நேராத்தான் குந்தியிருந்த."

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் இறங்கி, "மாமா தானாவே சாஞ்சிட்டாரு!" என்று வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். அம்மா பிடித்து இழுத்துவந்து முதுகில் நாலு வைத்தாள். மாமாதான் குறுக்கே விழுந்து தடுத்தார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பழி போட்டவர் மாமா, அடி எனக்கா? அதைவிட, குற்றம் தன்மேல் என்று ஒப்புக்கொண்டவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மா ஏன் அப்படி அழுதாள் என்றுதான் விளங்கவே இல்லை.